மெத்தனோயெயோ: ஒரு கிரேக்க வினைச்சொல்லின் பொருளும் இலக்கணமும் வரலாறும்

மெத்தனோயெயோ என்பது கிறித்தவ மறைநூலின் புதிய ஏற்பாட்டில் வரும் கிரேக்க வினைச்சொல். தமிழ் விவிலியங்களில் இது பெரும்பாலும் 'மனந்திரும்பு' என்றும் 'மனம் மாறு' என்றும் மொழிபெயர்க்கப்படுகிறது. இதன் பெயர்ச்சொல் வடிவம் மெத்தனோயா. மத்தேயு நற்செய்தியில் திருமுழுக்கு யோவானும் இயேசுவும் தம் போதனையைத் தொடங்குவது இவ்வினையின் ஏவல் வடிவத்தைக் கொண்டுதான் (மத்தேயு 3:2, 4:17). இலத்தீன் திருச்சபையில் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் இச்சொல் 'தவம் செய்யுங்கள்' என்ற பொருள்பட வாசிக்கப்பட்டது. 16ஆம் நூற்றாண்டில் அந்த மொழிபெயர்ப்புப் பற்றிய வினா, ஐரோப்பியத் திருச்சபையைப் பிளந்த விவாதத்தின் மையத்துக்கு வந்தது. ஒரு வினைச்சொல் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் செல்லும்போது அந்த மொழியின் இலக்கணம் அதை எவ்வாறு வளைக்கிறது, அந்த வளைவு மக்களின் சமய வாழ்வில் என்ன விளைவை உண்டாக்குகிறது என்பதற்கு மெத்தனோயெயோ தெளிவான எடுத்துக்காட்டு.

சொல்லமைப்பும் பழைய கிரேக்கப் பொருளும்

இவ்வினை இரண்டு கூறுகளால் ஆனது. 'மெத்தா' என்ற முன்னொட்டு 'பின்னர்' என்ற பொருளையும் 'மாற்றம்' என்ற பொருளையும் தரும். 'நொயெயோ' என்பதற்கு எண்ணு, உணர், அறி என்பன பொருள். மனம், அறிவு என்று பொருள்படும் 'நூஸ்' என்ற பெயர்ச்சொல்லோடு அது உறவுடையது. ஆகவே மெத்தனோயெயோ என்பதன் தொடக்கப் பொருள் 'பின்னர் எண்ணுதல்', அதாவது ஒன்றைச் செய்த பிறகோ முடிவெடுத்த பிறகோ வேறுவிதமாக நினைத்தல்.

பழைய கிரேக்க எழுத்தாளர்களிடம் இச்சொல்லுக்குச் சமயச் சாயல் இல்லை. வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் கி.மு. 427இல் நடந்த ஒரு நிகழ்ச்சியை எழுதும்போது மெத்தனோயா என்ற பெயர்ச்சொல்லைப் பயன்படுத்துகிறார். கிளர்ச்சி செய்த மித்திலேனே நகரத்து ஆண்கள் அனைவரையும் கொல்லும்படி ஏதென்ஸ் மக்கள் மன்றம் ஒரு நாள் தீர்மானித்தது. மறுநாளே மக்களுக்கு அந்த முடிவு கொடியதாகத் தோன்றியது. முதல் கப்பலை முந்திச் செல்ல இரண்டாம் கப்பல் அனுப்பப்பட்டது. இங்கே மெத்தனோயா என்பது முடிவை மாற்றிக்கொண்ட மனநிலை. அதில் வருத்தமும் உண்டு, மறுசிந்தனையும் உண்டு. ஆனால் கடவுளிடம் பாவமன்னிப்புக் கேட்பது என்ற பொருள் அதில் இல்லை.

எபிரேயப் பின்னணி

யூதர்களின் மறைநூல் கி.மு. 3ஆம் நூற்றாண்டு முதல் அலெக்சாந்திரியாவில் கிரேக்கத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. செப்துவாசிந்த் எனப்படும் அம்மொழிபெயர்ப்பில் இரண்டு எபிரேய வினைகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று 'ஷூப்'. திரும்பு, திரும்பி வா என்பது அதன் பொருள். வழிதவறிய மக்களைக் கடவுளிடம் திரும்பி வரும்படி இறைவாக்கினர்கள் அழைக்கும்போது பயன்படுத்தும் வினை இதுவே. மற்றொன்று 'நாஹம்'. வருந்து, இரங்கு, எண்ணத்தை மாற்றிக்கொள் என்பன அதன் பொருள்கள்.

செப்துவாசிந்த் மொழிபெயர்ப்பாளர்கள் 'ஷூப்' என்பதற்குப் பெரும்பாலும் மெத்தனோயெயோவைப் பயன்படுத்தவில்லை. அதற்கு அவர்கள் வைத்த சொல் எப்பிஸ்திரெபோ, அதாவது 'திரும்பு'. மெத்தனோயெயோ பல இடங்களில் 'நாஹம்' என்பதற்கே ஈடாக வருகிறது. அவ்விடங்களில் எழுவாயாகக் கடவுளே நிற்பதும் உண்டு. யோனா நூலில் நினிவே நகரத்தார் தீய வழிகளை விட்டுத் திரும்பியதைக் கண்ட கடவுள், தாம் அறிவித்த அழிவைக் குறித்து எண்ணத்தை மாற்றிக்கொள்கிறார் (யோனா 3:10). அங்கே கிரேக்க வினை மெத்தனோயெயோ. கடவுள் பாவம் செய்து வருந்துகிறார் என்று எவரும் அதற்குப் பொருள் கொள்ள முடியாது.

புதிய ஏற்பாட்டு ஆசிரியர்களின் காலத்தில் இந்த எல்லை நெகிழ்ந்துவிட்டது. இறைவாக்கினர்களின் 'திரும்புங்கள்' என்ற அழைப்பின் இடத்தில் மெத்தனோயெயோ வந்து நிற்கிறது. சிரியாக் மொழியிலுள்ள பழைய பெஷித்தா மொழிபெயர்ப்பு, மத்தேயு 3:2இல் 'ஷூப்' என்பதோடு இனமான வினையையே பயன்படுத்துகிறது. இயேசு பேசிய அரமேயத்துக்குச் சிரியாக் நெருங்கிய உறவுடைய மொழி. ஆகவே புதிய ஏற்பாட்டு மெத்தனோயெயோவில் இரண்டு இழைகள் பின்னியுள்ளன. கிரேக்கத்திலிருந்து வந்த 'மனம் மாறுதல்' ஒன்று, எபிரேயத்திலிருந்து வந்த 'திரும்பி வருதல்' மற்றொன்று.

புதிய ஏற்பாட்டில் வழக்கு

இவ்வினை புதிய ஏற்பாட்டில் 34 முறை வருகிறது. லூக்கா நற்செய்தியில் 9 முறையும், திருவெளிப்பாட்டு நூலில் 12 முறையும், மத்தேயுவிலும் திருத்தூதர் பணிகளிலும் ஐந்தைந்து முறையும், மாற்கு நற்செய்தியில் 2 முறையும், பவுலின் திருமுகங்களில் ஒரே ஒரு முறையும் (2 கொரிந்தியர் 12:21) காணப்படுகிறது. மெத்தனோயா என்ற பெயர்ச்சொல் 22 முறை வருகிறது. யோவான் நற்செய்தியிலும் யோவானின் திருமுகங்களிலும் வினையும் இல்லை, பெயரும் இல்லை. கிறித்தவப் போதனையில் இவ்வளவு முதன்மை பெற்ற ஒரு சொல், ஒரு நற்செய்தியாளரிடம் அறவே இல்லாதிருப்பது கருதத்தக்கது.

இதற்கு நெருங்கிய வேறொரு வினை மெத்தமெலொமாய். பின்னர் கவலைப்படு, வருந்து என்பது பொருள். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசு பின்னர் வருந்தியதைச் சொல்லும் இடத்தில் (மத்தேயு 27:3) வருவது இந்த வினையே. இதைக் கொண்டு, மெத்தமெலொமாய் வெறும் வருத்தம், மெத்தனோயெயோ உண்மையான மனமாற்றம் என்று பலர் கோடு கிழிப்பதுண்டு. அது முழுவதும் பொருந்தாது. இரு மகன்களின் உவமையில், முதலில் மறுத்துப் பின்னர்த் தோட்டத்துக்கு வேலைக்குச் சென்ற மகனைப் பற்றியும் மெத்தமெலொமாய் வருகிறது. அவன் எண்ணம் மட்டுமன்றி அவன் செயலும் மாறியது. இரு சொற்களின் பொருள் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தே கிடக்கின்றன.

இலக்கணம்: செயப்படுபொருள் இல்லாத வினை

புதிய ஏற்பாட்டில் மெத்தனோயெயோ எப்போதும் செய்வினை வடிவிலேயே வருகிறது. அதற்குச் செயப்படுபொருள் கிடையாது. 'எதை' என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. எதிலிருந்து விலகி மனம் மாறுவது என்று சொல்ல வேண்டியிருந்தால் 'எக்' அல்லது 'அப்போ' என்ற முன்னிடைச்சொல் சேர்க்கப்படும். இவை தமிழின் 'இலிருந்து', 'விட்டு' என்பவற்றுக்கு ஒப்பானவை. திருவெளிப்பாட்டில் தம் கைவேலைகளை விட்டு மனம் மாறாதவர்களைச் சொல்லும்போது 'எக்' வருகிறது (9:20). 2 கொரிந்தியர் 12:21இல் 'குறித்து' என்ற பொருளில் 'எப்பி' வருகிறது.

இது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆனால் பின்வந்த விவாதங்களுக்கு இதுவே வேர். கிரேக்கத்தில் மெத்தனோயெயோ 'ஒன்றைச் செய்வது' அன்று. ஒருவர் வேறாக ஆவது.

இலக்கணம்: இருவகை ஏவல்

கிரேக்க ஏவல் வினையில் காலம் இல்லை, வினைக்கூறு உண்டு. ஒரு செயலைப் பேசுபவர் எப்படிப் பார்க்கிறார் என்பதை வடிவமே காட்டும். நிகழ்கால அடியிலிருந்து வரும் ஏவல், செயலை அதன் ஓட்டத்தில் வைத்துப் பார்க்கிறது. அயோரிஸ்து எனப்படும் அடியிலிருந்து வரும் ஏவல், செயலை முழுமையாக ஒரே பார்வையில் பார்க்கிறது. தமிழில் 'எழுதிக்கொண்டிரு', 'எழுதிவிடு' என்ற வேறுபாட்டை இதற்கு ஓரளவு ஒப்பாகச் சொல்லலாம். ஆனால் தமிழில் துணைவினை சேர்க்காமல் 'எழுது' என்று பொதுவாகவும் சொல்ல முடியும். கிரேக்கருக்கு அந்தப் பொது வடிவம் இல்லை. ஏவும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்துதான் ஆக வேண்டும்.

நற்செய்திகளில் யோவானும் இயேசுவும் பொதுமக்களை நோக்கிச் சொல்வது 'மெத்தனோயேய்த்தே' என்ற நிகழ்கால ஏவல் (மத்தேயு 3:2, 4:17, மாற்கு 1:15). பெந்தகோஸ்து நாளில் பேதுரு கூட்டத்தாரிடம் சொல்வது 'மெத்தனோயேசத்தே' என்ற அயோரிஸ்து ஏவல் (திருத்தூதர் பணிகள் 2:38). அங்கே உடனடியாகத் திருமுழுக்குப் பெறுவதும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. திருவெளிப்பாட்டில் எபேசு, பெர்காம், சர்தை, இலவோதிக்கேயா ஆகிய சபைகளுக்குச் சொல்லப்படுவது 'மெத்தனோயேசொன்' என்ற ஒருமை அயோரிஸ்து ஏவல் (2:5, 16, 3:3, 19).

இந்த வேறுபாட்டிலிருந்து, இயேசு 'வாழ்நாள் முழுவதும் மனந்திரும்பிக்கொண்டே இருங்கள்' என்றார், பேதுரு 'ஒரே முறை, என்றென்றைக்குமாக மனந்திரும்புங்கள்' என்றார் என்று முடிவு கட்டும் மறையுரைகள் பல உண்டு. இலக்கணம் அவ்வளவு சுமையைத் தாங்காது. 1972இல் ஃபிராங்க் ஸ்டாக் என்ற அறிஞர் அயோரிஸ்து வடிவம் தவறாகப் பயன்படுத்தப்படுவதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். அவ்வடிவம் ஒரு செயல் எத்தனை முறை நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை என்பது அவர் வாதம். 1989இல் ஸ்டான்லி போர்ட்டரும் 1990இல் பைஸ்ட் ஃபானிங்கும் வெளியிட்ட நூல்கள் கிரேக்க வினைக்கூறு பற்றிய ஆய்வை விரிவாக்கின.

லூக்கா 17:3-4 இதற்கு நல்ல சான்று. சகோதரன் குற்றம் செய்து மனம் வருந்தினால் மன்னிக்க வேண்டும் என்ற இடத்தில் வினை அயோரிஸ்து வடிவில் உள்ளது. அடுத்த வசனமே, ஒரு நாளில் ஏழு முறை அவன் வந்து மனம் வருந்துவதாகச் சொன்னாலும் மன்னிக்க வேண்டும் என்கிறது. ஆகவே அயோரிஸ்து 'ஒரே ஒரு முறை' என்பதைக் குறிக்காது. அந்த ஏழு முறையும் சகோதரன் சொல்லும் சொல் நிகழ்கால வடிவில் இருக்கிறது. அது 'ஓயாமல் வருந்திக்கொண்டே இருக்கிறேன்' என்று பொருள்படாது. ஒவ்வொரு முறையும் அவன் சொல்லும் ஒரு கூற்று அது. வடிவம் பார்வையைத் தருகிறது. எத்தனை முறை, எவ்வளவு காலம் என்பதைச் சூழல்தான் தர வேண்டும்.

இலத்தீனில் நேர்ந்த மாற்றம்

கி.பி. 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட ஆப்பிரிக்காவில் இலத்தீன் கிறித்தவ எழுத்து தொடங்கியபோது மெத்தனோயாவுக்கு ஈடாக 'பெனித்தென்சியா' என்ற சொல் நிலைபெற்றது. அதன் பொருள் வருத்தம். இச்சொல்லின் வினை இலத்தீனில் விந்தையானது. 'நான் வருந்துகிறேன்' என்று எழுவாயோடு சொல்லும் அமைப்பு அதற்கு வழக்கமாக இல்லை. 'என்னை வருத்துகிறது' என்ற அமைப்பில்தான் சொல்ல வேண்டும். தமிழில் 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குக் குளிர்கிறது' என்பவற்றில் 'நான்' எழுவாயாக நிற்பதில்லை. அதனால்தான் ஒருவரைப் பார்த்து 'பசி' என்று ஏவ முடியாது. இலத்தீன் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இதே இடர்ப்பாடு. ஏவல் வேண்டும், ஆனால் வினை ஏவலுக்கு இணங்காது.

அவர்கள் கண்ட வழி, பெயர்ச்சொல்லோடு 'செய்' என்ற வினையைச் சேர்ப்பது. அப்படிப் பிறந்த தொடர் 'பெனித்தென்சியாம் ஆஜித்தே'. 'வருத்தத்தைச் செய்யுங்கள்' என்பது போன்ற அமைப்பு அது. திருத்தந்தை தமாசுவின் வேண்டுகோளின்படி ஜெரோம் 383-384 அளவில் நற்செய்திகளைத் திருத்தியபோது மத்தேயு 3:2இலும் 4:17இலும் இத்தொடரே இருந்தது. அவர் இதை உருவாக்கவில்லை. ஏற்கெனவே வேரூன்றிய வழக்கு அது. மாற்கு 1:15இல் மட்டும் 'பெனித்தேமினி' என்ற ஒற்றைச் சொல் ஏவல் காணப்படுகிறது.

இவ்வாறு கிரேக்கத்தில் செயப்படுபொருள் இல்லாத வினைக்கு இலத்தீனில் ஒரு செயப்படுபொருள் வந்து சேர்ந்தது. வேறாக ஆவது, ஒன்றைச் செய்வதாக மாறியது. எவரும் திட்டமிட்டு இதைச் செய்யவில்லை. இலத்தீன் இலக்கணத்தின் ஒரு குறையை நிரப்பியதால் விளைந்தது இது.

பொருள் விலகுவதைப் பழைய இலத்தீன் எழுத்தாளர்களே அறிந்திருந்தனர். தெர்த்துல்லியன், மார்சியோனுக்கு எதிராக எழுதிய நூலில், கடவுள் எண்ணத்தை மாற்றிக்கொள்வதாக மறைநூல் சொல்வதை விளக்கும்போது, கிரேக்கச் சொல் குற்றத்தை ஒப்புக்கொள்வதிலிருந்து பிறந்ததன்று, மனம் மாறுவதிலிருந்து பிறந்தது என்று குறிப்பிட்டார். 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லக்தான்சியு, கிரேக்கச் சொல்லே பொருத்தமானது என்று சொல்லி, அதற்கு ஈடாக 'ரெசிப்பிஷென்சியா' என்ற இலத்தீன் சொல்லை எடுத்துக்காட்டினார். இழந்த தெளிவை மீண்டும் பெறுதல், தன்னுணர்வுக்கு வருதல் என்பது அதன் பொருள். ஆனால் வழிபாட்டிலும் மக்கள் நாவிலும் பெனித்தென்சியாவே நிலைத்தது.

சொல்லும் சடங்கும்

இடைக்காலத்தில் பெனித்தென்சியா என்ற அதே சொல் மூன்று பொருள்களைத் தாங்கியது: உள்ளத்தின் வருத்தம், குருவிடம் பாவ அறிக்கை செய்யும் அருட்சாதனம், குரு விதிக்கும் நோன்பு, செபம், தானம் போன்ற பரிகாரம். 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம், பகுத்தறியும் வயதடைந்த ஒவ்வொரு கிறித்தவரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பாவ அறிக்கை செய்ய வேண்டும் என்று விதித்தது. 1439இல் ஃபுளோரன்சு சங்கம் இவ்வருட்சாதனத்தின் கூறுகளாக உள்ள வருத்தம், வாய் அறிக்கை, பரிகாரம் ஆகிய மூன்றையும் வரிசைப்படுத்தியது.

இந்த வழக்கத்தில் வளர்ந்த ஒருவர் மத்தேயு 4:17ஐ இலத்தீனில் கேட்டால், இயேசு அருட்சாதனத்தையும் அதற்குரிய பரிகாரத்தையும் கட்டளையிடுவதாகவே அவருக்குப் புலப்படும். ஆன்மிக ஆசிரியர்கள் உள்ளத்தின் மாற்றத்தை மறந்துவிடவில்லை. எனினும் சொல் சடங்கின் பக்கம் சாய்ந்திருந்தது.

வல்லா, எராஸ்மஸ், லூத்தர்

15ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா, இலத்தீன் புதிய ஏற்பாட்டைக் கிரேக்கக் கைப்பிரதிகளோடு ஒப்பிட்டுக் குறிப்புகள் எழுதினார். கிரேக்கச் சொல்லுக்குப் பெனித்தென்சியா முற்றிலும் ஈடாகாது என்பதும் அவற்றுள் ஒன்று. அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1504இல் எராஸ்மஸ் இக்குறிப்புகளின் கைப்பிரதியை லூவன் அருகிலுள்ள ஒரு மடத்தின் நூலகத்தில் கண்டெடுத்து, 1505இல் பாரிசில் அச்சிட்டார்.

1516இல் எராஸ்மஸ் தாமே கிரேக்கப் புதிய ஏற்பாட்டை இலத்தீன் மொழிபெயர்ப்போடும் குறிப்புகளோடும் பாசல் நகரில் வெளியிட்டார். மத்தேயு 3:2க்கான குறிப்பில், பழைய இலத்தீன் தொடரைக் கேட்கும் மக்கள் விதிக்கப்பட்ட தண்டனையால் பாவத்தைக் கழுவுவதாக அதைப் புரிந்துகொள்கின்றனர் என்றும், கிரேக்கச் சொல்லின் பொருள் அதுவன்று என்றும் விளக்கினார். அவர் முன்வைத்த சொல் 'ரெசிப்பிஷித்தே', அதாவது 'தெளிவுக்கு வாருங்கள்'. லக்தான்சியு காட்டிய சொல் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் வந்தது.

1517 அக்டோபர் 31ஆம் நாளிட்ட மார்ட்டின் லூத்தரின் 95 ஆய்வுரைகள் இந்தத் தொடரோடுதான் தொடங்குகின்றன. உரோமைப் புனித பேதுரு பேராலயக் கட்டுமானத்துக்காக அப்போது ஜெர்மனியில் பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டுகள் விற்கப்பட்டன. பரிகாரத்தைப் பணத்தால் ஈடுசெய்யலாம் என்ற எண்ணம் பரவியிருந்தது. முதல் ஆய்வுரையில் லூத்தர், கிறிஸ்து கேட்டது நம்பிக்கையாளரின் வாழ்வு முழுவதும் மனமாற்றமாக இருப்பதே என்றார். இரண்டாவதில், அச்சொல்லை அருட்சாதனத்துக்குரிய அறிக்கை, பரிகாரம் என்ற அளவில் கொள்ள முடியாது என்றார். மூன்றாவதில், அது உள்ளத்தில் மட்டும் நிற்பதுமன்று, புறவாழ்வில் பயன் தராத உள்மாற்றம் வீண் என்றும் சேர்த்துக்கொண்டார்.

லூத்தர் இங்கே மேற்கோள் காட்டுவது இலத்தீன் தொடரை. 'வாழ்வு முழுவதும்' என்ற கருத்தை அவர் கிரேக்க நிகழ்கால ஏவலிலிருந்து பெற்றார் என்று பிற்காலத்தில் பலர் எழுதினாலும், ஆய்வுரைகளில் அப்படி ஒரு வாதம் இல்லை. கிரேக்கத்தைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பேசுவது அடுத்த ஆண்டில். 1518 மே 30ஆம் நாள் தம் மூத்த துறவி யோகான் ஃபான் ஸ்டாபிட்சுக்கு எழுதிய கடிதத்தில், கிரேக்கம் அறிந்தோரின் உதவியால் மெத்தனோயாவின் சொல்லமைப்பைக் கற்றதாகவும், முன்பு மறைநூலிலேயே மிகக் கசப்பாயிருந்த அச்சொல் இப்போது மிக இனியதாகிவிட்டது என்றும் அவர் தெரிவிக்கிறார். பரிகாரத்தைச் செய்து முடித்தோமா என்ற தீராத அச்சத்தில் வாழ்ந்த ஒரு துறவிக்கு, ஒரு சொல்லின் இலக்கணம் மூச்சுவிட இடம் தந்தது.

ஆனால் லூத்தரின் சொந்த மொழியும் அவரை விட்டுவைக்கவில்லை. அவர் வாழ்நாளில் இறுதியாக வெளிவந்த 1545ஆம் ஆண்டு ஜெர்மன் விவிலியத்தில் மத்தேயு 4:17இல் காணப்படுவது 'தூட் பூசெ'. 'செய்' என்ற வினையும் ஒரு பெயர்ச்சொல்லும் சேர்ந்த தொடர் அது. 'பூசெ' என்பதற்கு ஈடுகட்டல், தண்டம் என்ற பொருள்களும் உண்டு. எந்த அமைப்பை இலத்தீனில் எதிர்த்தாரோ அதே அமைப்பு ஜெர்மனில் தங்கிவிட்டது.

பிற மொழிகளிலும் திரெந்துச் சங்கத்திலும்

வில்லியம் டிண்டேல் 1526இல் வெளியிட்ட ஆங்கிலப் புதிய ஏற்பாட்டில் 'தவம் செய்யுங்கள்' என்ற பழைய தொடருக்குப் பதில் 'ரிபென்ட்' என்ற ஒற்றை வினையை வைத்தார். 1529இல் தாமஸ் மோர் எழுதிய மறுப்பு நூல், குரு, திருச்சபை, அன்பு ஆகியவற்றுக்கு டிண்டேல் தேர்ந்த சொற்களோடு இதையும் கண்டித்தது. சொல்லை மாற்றினால் அதைத் தாங்கி நிற்கும் அருட்சாதனமும் ஆட்டம் காணும் என்பது மோரின் கவலை. டிண்டேல் 1531இல் விடை எழுதினார். 1582இல் ரைம்சில் வெளிவந்த கத்தோலிக்க ஆங்கிலப் புதிய ஏற்பாடு இலத்தீன் அமைப்பை அப்படியே காத்தது. 1611ஆம் ஆண்டு அரசர் யாக்கோபு பதிப்பு டிண்டேலின் வழியைப் பின்பற்றியது.

திரெந்துப் பொதுச்சங்கம் 1546இல் இலத்தீன் வுல்காத்தாவை அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பாக உறுதிசெய்தது. 1551இல் ஒப்புரவு அருட்சாதனத்தைப் பற்றி விரிவாக வரையறுத்தது. அதே வேளையில், பாவத்தை வெறுத்துக் கடவுளிடம் திரும்பும் உள்ளம் எல்லாக் காலத்திலும் எல்லாருக்கும் தேவையாக இருந்தது என்றும் அது கூறியது. பின்னர் 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்பு விதிகளைத் திருத்தி வெளியிட்ட 'பெனித்தேமினி' என்ற ஏடு மெத்தனோயா என்ற கிரேக்கச் சொல்லையே எடுத்தாண்டு, முழு மனிதரின் உள்மாற்றமே அடிப்படை என்றும், புறத்தவம் அதிலிருந்து பிரிக்க முடியாதது என்றும் விளக்கியது. 16ஆம் நூற்றாண்டில் எதிரெதிராக நின்ற இரு பொருள்களும் அதில் அருகருகே நிற்கின்றன.

தமிழில் இவ்வினை

பார்த்தலோமேயு சீகன்பால்கு 1708இல் தொடங்கி 1711இல் முடித்த தமிழ்ப் புதிய ஏற்பாடு, தரங்கம்பாடியில் 1714-1715இல் அச்சானது. அதன் பின் வந்த பல திருத்தங்களுக்குப் பிறகு 19ஆம் நூற்றாண்டில் ஹென்றி பவர் தலைமையில் உருவான ஐக்கிய மொழிபெயர்ப்பு, சீர்திருத்தத் திருச்சபைகளில் இன்றும் பரவலாக வாசிக்கப்படுகிறது. மெத்தனோயெயோவுக்கு அது வைத்திருக்கும் சொல் 'மனந்திரும்பு'.

இந்தத் தேர்வு கூர்ந்து நோக்கத்தக்கது. 'மனம்' கிரேக்க நூஸுக்கும், 'திரும்பு' எபிரேய ஷூபுக்கும் நேராக நிற்கின்றன. கிரேக்கத்தில் பொருளளவில் மட்டும் சேர்ந்த இரு இழைகள் தமிழில் ஒரே கூட்டுவினையில் வெளிப்படையாகத் தெரிகின்றன. இலத்தீனின் 'செய்' என்ற அமைப்பு இதில் இல்லை. கிரேக்க வினையைப் போலவே 'மனந்திரும்பு' செயப்படுபொருள் ஏற்பதில்லை. 'பாவத்தைவிட்டு' என்று விலகும் இடத்தைத்தான் அதனோடு சேர்க்க முடியும்.

இதனால் ஒரு சிக்கலும் எழுந்தது. திருத்தூதர் பணிகள் 3:19இல் மெத்தனோயெயோவும் 'திரும்பு' என்று பொருள்படும் எப்பிஸ்திரெபோவும் அடுத்தடுத்து வருகின்றன. 'திரும்பு' ஏற்கெனவே முதல் வினைக்குச் செலவாகிவிட்டது. ஆகவே ஐக்கிய மொழிபெயர்ப்பு இரண்டாவதற்குக் 'குணப்படு' என்ற வினையை வைத்தது. கடவுள் எண்ணம் மாறும் யோனா 3:10இலும், யூதாசு வருந்தும் மத்தேயு 27:3இலும் அதே மொழிபெயர்ப்பு 'மனஸ்தாபப்படு' என்ற வேறு வினையைப் பயன்படுத்துகிறது.

1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு 'மனம் மாறு' என்று எழுதுகிறது. இது கிரேக்கச் சொல்லமைப்புக்கு நெருக்கமானது. ஆனால் 'திரும்பு' என்ற எபிரேய இழை இதில் மங்கிவிடுகிறது. தமிழ்க் கத்தோலிக்கர் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய நாற்பது நாள்களைத் 'தவக்காலம்' என்று அழைக்கின்றனர். இலத்தீன் சொல் சுமந்த புறத்தவத்தின் பொருள், மொழிபெயர்ப்பில் இல்லாவிட்டாலும் திருவழிபாட்டுக் காலத்தின் பெயரில் வாழ்கிறது.

மதிப்பீடு

ஒரு சொல்லின் உறுப்புகளைப் பிரித்து அதன் பொருளை முடிவு செய்யும் முறையை 1961இல் ஜேம்ஸ் பார் கடுமையாகத் திறனாய்வு செய்தார். சொல் பிறந்த விதம் ஒன்று, அது வழங்கும் விதம் மற்றொன்று என்பது அவர் வாதத்தின் சாரம். அவ்வளவுகோலின்படி, 'மெத்தா என்றால் மாற்றம், நூஸ் என்றால் மனம், ஆகவே இது கருத்து மாற்றம் மட்டுமே' என்ற வாதமும் குறையுடையதே. நினிவே மக்களின் மெத்தனோயாவைப் பற்றி மத்தேயு 12:41 பேசும்போது, நோன்பிருந்து தீமையை விட்ட ஒரு நகரத்தையே வாசகர் நினைவில் கொள்கிறார். திருமுழுக்கு யோவானோ அதற்குத் தக்க கனிகளைக் கேட்கிறார் (மத்தேயு 3:8).

இவ்வாறு நோக்கினால், இலத்தீன் மரபு 'செய்' என்பதை முற்றிலும் இல்லாத இடத்தில் சேர்த்தது என்றும் சொல்வதற்கில்லை. செயல் இந்த வினையின் பயனாக மறைநூலிலேயே இருக்கிறது. இலத்தீன் தொடரில் பயன் வினையின் இடத்துக்கே வந்து அமர்ந்துகொண்டது. எராஸ்மஸும் லூத்தரும் பயனை அதன் இடத்துக்கும் வினையை அதன் இடத்துக்கும் அனுப்ப முயன்றனர். கிரேக்க இலக்கணம் அந்த இரு இடங்களையும் பிரித்துக் காட்டியது. மனம் எப்போது, எத்தனை முறை, எவ்வளவு காலம் திரும்ப வேண்டும் என்ற வினாவுக்கு விடையை அது வாசிக்கும் மக்களிடமே விட்டுவிட்டது.